அணு யுகத்தின் கதை – 17: மின்சார நாற்காலிக்கு வெளியே இரண்டு சிறுவர்கள்

இயற்பியலாளர் கிளாஸ் ஃபூக்ஸ் லண்டனில் பிடிபட்டதும் சோவியத் உளவுச் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகத் தெறித்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். 1950 பிப்ரவரியில் ஃபூக்ஸ், மே மாதம் அவரிடம் ரகசியங்களை வாங்கிச் சென்ற ஹாரி கோல்டு, ஜூனில் அணுகுண்டு உருவாக்கப்பட்ட லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் பணிமனையில் போர்க்காலத்தில் வேலை செய்த டேவிட் கிரீன்கிளாஸ். அணுகுண்டுக்கான வெடிமருந்து வார்ப்பு அச்சுகளைக் கடைந்து கொடுத்தவர்களில் டேவிட் ஒருவர். விசாரணை அதிகாரிகளின் முன் உட்கார்ந்ததும் அவர் தன் அக்காள் கணவரின் பெயரைச் சொன்னார்: ஜூலியஸ் ரோசன்பெர்க்.

ரோசன்பெர்க் வழக்கைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் ஒரு நூலகத்தை நிரப்பும். உளவாளிகளும் வழக்கறிஞர்களும் நீதிபதியும் அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். இந்த வாரம் நாம் அந்த வழக்கை வீட்டுக்குள்ளிருந்து பார்க்கப் போகிறோம். அந்த வீட்டில் இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். மூத்தவன் மைக்கேல், 1943இல் பிறந்தவன். இளையவன் ராபர்ட், 1947இல் பிறந்தவன்.

வானொலியை நிறுத்திய கை

1950 ஜூலை 17, திங்கட்கிழமை மாலை. நியூயார்க் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில் நிக்கர்பாக்கர் வில்லேஜ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏழு வயது மைக்கேல் வானொலியில் ‘லோன் ரேஞ்சர்’ தொடரைக் கேட்டுக்கொண்டிருந்தான். முகமூடி அணிந்த அந்த நாயகன் மீது கொள்ளைக்காரர்கள் பொய்ப்பழி சுமத்தும் கதை அன்று ஓடியதாகப் பின்னாளில் மைக்கேல் எழுதினார். கதவைத் தட்டிக்கொண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். ஒருவர் வானொலியை அணைத்தார். சிறுவன் எழுந்துபோய் மீண்டும் போட்டான்.

அப்பாவை அவர்கள் அழைத்துச் சென்றார்கள். அம்மா எதெல், வாரண்ட் எங்கே, வழக்கறிஞரைக் கூப்பிட வேண்டும் என்று உரக்கக் கேட்டார். அதிகாரிகள் அதைக் கம்யூனிஸ்டுகள் வழக்கமாகப் போடும் கூச்சல் என்று குறிப்பெழுதி வைத்தார்கள்.

ஜூலியஸ் அப்போது 32 வயதுப் பொறியாளர். நியூயார்க் சிட்டி கல்லூரியில் மின்பொறியியல் படித்தவர். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து, கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்பைக் காரணம் காட்டி 1945இல் நீக்கப்பட்டவர். பிறகு மைத்துனர்களுடன் சேர்ந்து நடத்திய சிறிய பட்டறை சரியாக ஓடவில்லை. எதெல் அவரைவிடச் சில வயது மூத்தவர். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதிலேயே தான் வேலை பார்த்த நிறுவனத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர். நல்ல குரல் கொண்ட பாடகி. பிள்ளைகள் பிறந்த பிறகு அவருடைய முழுக் கவனமும் அவர்கள் மீதுதான். குழந்தை உளவியல் வகுப்புக்குப் போனார், பிள்ளை வளர்ப்புப் பத்திரிகைகளை வாங்கிப் படித்தார். அடம்பிடிக்கும் மூத்த மகனைப் புரிந்துகொள்ள நிபுணர்களிடம் ஆலோசனை கேட்டார். அந்தக் காலத்தில் அந்த வருமானத்தில் வாழ்ந்த ஒரு தாய்க்கு இது அரிய அக்கறை.

அம்மாவின் தொலைபேசி

ஆகஸ்ட் 11. பெருநடுவர் குழுவின் (கிராண்ட் ஜூரி) முன் சாட்சி சொல்ல எதெல் இரண்டாம் முறையாக அழைக்கப்பட்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடும் எண்ணத்தில் ஃபோலி சதுக்கத்து நீதிமன்றத்துக்குப் போனார். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் தரும் உரிமையைப் பயன்படுத்தினார். வெளியே வரும்போது கைது செய்தார்கள்.

வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அப்படியானால் நீ வீட்டுக்கு வரமாட்டாயா என்று மைக்கேல் கேட்டான். வர முடியாது என்றார் அம்மா. சிறுவன் அலறினான். அந்த அலறல் சிறையில் நெடுநாள் தன் காதில் ஒலித்ததை எதெல் கடிதங்களில் எழுதியிருக்கிறார்.

ஆளுக்கு 1,00,000 டாலர் ஜாமீன் தொகை நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் குடும்பம் கனவிலும் திரட்ட முடியாத பணம். சிறுவர்கள் முதலில் அம்மாவைப் பெற்ற பாட்டி டெஸ்ஸியிடம் போனார்கள். டெஸ்ஸிக்குக் கைதாகியிருந்த மகன் டேவிட்தான் முக்கியம். மகளின் பிள்ளைகள் அங்கே பாரமானார்கள். நவம்பரில் பிராங்க்ஸில் இருந்த யூதக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு அப்பாவைப் பெற்ற பாட்டி சோஃபி அவர்களைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். 1952இல் நியூஜெர்சியின் டாம்ஸ் ரிவர் ஊரில் குடும்ப நண்பர்களின் வீடு. இரண்டே ஆண்டுகளில் நான்கு கூரைகள்.

நெம்புகோல்

எதெலை ஏன் கைது செய்தார்கள்? அவருடைய பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் சுமந்த கேள்வி இது. விடை அரசின் கோப்புகளிலேயே இருந்தது. ஜூலியஸ் கைதான இரண்டாம் நாள், 1950 ஜூலை 19 அன்று, எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர் அட்டர்னி ஜெனரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜூலியஸ் வாய் திறந்தால் இன்னும் பலர் பிடிபடுவார்கள். அவருடைய மனைவி மீது வழக்குப் போட்டால் அது ஒரு நெம்புகோலாகப் பயன்படலாம் என்பது அதன் சாரம். 1951 பிப்ரவரியில் நாடாளுமன்ற அணுசக்திக் கூட்டுக் குழுவின் மூடிய கூட்டத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் மைல்ஸ் லேன், திருமதி ரோசன்பெர்க்குக்கு எதிரான வழக்கு வலுவாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவருக்குக் கடும் தண்டனை கிடைப்பது முக்கியம் என்றார்.

வலுவில்லாத அந்த வழக்கு அதே மாதக் கடைசியில் வலுப்பெற்றது. டேவிட்டும் அவர் மனைவி ரூத்தும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். 1945 செப்டம்பரில் டேவிட் கொண்டுவந்த அணுகுண்டுக் குறிப்புகளை எதெல் தட்டச்சு செய்தார் என்பதே அது. மார்ச் 6 அன்று விசாரணை தொடங்கியது. அரசு வழக்கறிஞர் இர்விங் சேபோல் தன் நிறைவு வாதத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த எதெலை ஜூரிகளின் கண்முன் நிறுத்தினார். விசைகளில் விழுந்த ஒவ்வொரு அடியும் சொந்த நாட்டின் மீது விழுந்த அடி என்றார். பெருநடுவர் குழுவின் முன் எதெல் மௌனம் காத்ததும் அவருக்கு எதிராகத் திருப்பப்பட்டது.

மார்ச் 29 அன்று தீர்ப்பு. ஏப்ரல் 5 அன்று தண்டனை. நீதிபதி இர்விங் காஃப்மன் இந்தக் குற்றம் கொலையைவிடக் கொடியது என்றார். கொரியப் போரில் 50,000க்கும் அதிகமானோர் பலியானதற்கும் காயமுற்றதற்கும் இவர்களே காரணம் என்றார். தங்கள் பிள்ளைகள் மீதிருந்த அன்பைவிட இவர்களுக்குக் கொள்கை மீதிருந்த பற்றே பெரிது என்றும் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் மரண தண்டனை. உடன் குற்றம் சாட்டப்பட்ட மார்ட்டன் சோபெலுக்கு 30 ஆண்டுகள். டேவிட்டுக்கு 15 ஆண்டுகள். குறிப்புகளைக் கடத்துவதில் தனக்குப் பங்கிருந்ததை நீதிமன்றத்திலேயே சொன்ன ரூத் மீது வழக்கே இல்லை. அவர் தன் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போனார்.

சிங் சிங்

நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் ஆசினிங் ஊரில் இருக்கிறது சிங் சிங் சிறை. மரண தண்டனைக் கைதிகளுக்கான கட்டடத்தின் பெண்கள் பகுதியில் எதெல் ஒருவர்தான் கைதி. கணவரும் அதே கட்டடத்தில்தான் இருந்தார். ஆனால் இருவரும் கம்பி வலைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து, வாரத்தில் குறித்த நேரம் மட்டுமே பேச முடிந்தது. மற்ற நேரமெல்லாம் கடிதங்கள்தான்.

1951 ஆகஸ்ட் 1 அன்று பிள்ளைகள் முதல்முறையாக அங்கே வந்தார்கள். பெற்றோரைப் பார்த்து ஓராண்டு ஆகியிருந்தது. வழக்கறிஞர் இமானுவேல் பிளாக் கூட்டிவந்தார். முதலில் அம்மா, பிறகு அப்பா என்று தனித்தனியாகச் சந்திப்பு. நான்கு வயது ராபர்ட்டுக்கு ஒரே ஒரு கேள்விதான்: ஏன் வீட்டுக்கு வரவில்லை? எட்டு வயது மைக்கேலுக்கோ கேள்விகள் ஏராளம். மரண தண்டனை எப்படி நிறைவேற்றப்படும் என்று கேட்டான். எதெல் அந்தக் கேள்வியை மழுப்பவில்லை. அது வலிக்காது, அந்த நாள் வரவே வராது என்று நம்புகிறோம் என அமைதியாகச் சொன்னார். அன்று என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று முன்கூட்டியே கணவருக்குக் கடிதம் எழுதித் திட்டமிட்டிருந்தார் அவர்.

அந்தச் சந்திப்புகளைப் பற்றி ராபர்ட் பின்னாளில் எழுதியதும் பேசியதும் வாசிக்கும் எவரையும் உலுக்கும். அவருக்கு நினைவில் இருப்பது பயம் அல்ல. அப்பா அம்மாவோடு விளையாடிய, பாடிய, சாதாரணமான சில மணி நேரங்கள். மரணத்தின் வாசலில் இருந்த இருவர், பிள்ளைகளுக்கு அது வெறும் ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு போலத் தோன்றும்படி நடந்துகொண்டார்கள். அதற்கு எவ்வளவு மனவலிமை வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கொள்கைக்காகப் பிள்ளைகளை மறந்தவர்கள் என்று சொன்ன நீதிபதி அந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

1953 பிப்ரவரியில் புதிய அதிபர் ஐசன்ஹோவர் கருணை மனுவை நிராகரித்தார். உலகம் கொந்தளித்தது. ஐன்ஸ்டீன், சார்த்தர், பிக்காசோ ஆகியோர் குரல் கொடுத்தார்கள். போப் பன்னிரண்டாம் பயஸும் தலையிட்டார். பத்து வயது மைக்கேலும் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினான். செக்கோஸ்லோவாகியாவில் உளவுக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஓட்டிஸ், அவருடைய மனைவி எழுதிய கடிதத்தால் அந்த நாட்டு அதிபரால் விடுவிக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்ததாக அதில் குறிப்பிட்டான். என் அம்மா அப்பாவையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டான். ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை, வாஷிங்டனில் நடந்த பேரணியின்போது வெள்ளை மாளிகை வாசலில் இருந்த காவலரிடம் அதைக் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து ஐசன்ஹோவர் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வழக்கில் வலிமையானவரும் அடங்காதவரும் அந்தப் பெண்தான், தலைமை தாங்கியதும் அவரே என்றார். எதெலைப் பற்றி அரசிடம் இருந்த ஆவணங்கள் அப்படிச் சொல்லவே இல்லை.

ஜூன் 19

கடைசிச் சந்திப்பு ஜூன் 16 அன்று நடந்தது. தண்டனைக்குக் குறித்திருந்த நாள் ஜூன் 18. அது ஜூலியஸ், எதெல் தம்பதியின் பதினான்காவது திருமண நாள். விடைபெறும் நேரம் வந்ததும் மைக்கேல் உடைந்துபோனான். வாழ இன்னும் ஒரே ஒரு நாள்தான் என்று ஓலமிட்டான். பெற்றோர் நிதானத்தைக் கைவிடவில்லை. அப்போது அவர்கள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தான் அன்று நினைத்ததை மைக்கேல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வழியனுப்பிவிட்டு உள்ளே திரும்பிய எதெல், பிள்ளைகள் முன் தான் ஏன் கண்ணீரை அடக்கினேன் என்று விளக்கி ஒரு கடிதம் எழுதினார்.

ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் தண்டனைக்குத் தடை விதித்தார். விடுமுறையில் கலைந்திருந்த நீதிமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. ஜூன் 19, வெள்ளிக்கிழமை நண்பகலில் 6–3 என்ற பெரும்பான்மையில் அந்தத் தடை நீக்கப்பட்டது. அன்று மாலை யூதர்களின் ஓய்வுநாளான சாபத் தொடங்குகிறது, அந்தப் புனித நேரத்தில் கொல்ல வேண்டாம் என்று வழக்கறிஞர்கள் மன்றாடினார்கள். அதிகாரிகள் தண்டனையைச் சூரியன் மறைவதற்கு முன்பாக நகர்த்தினார்கள்.

டாம்ஸ் ரிவரில் மைக்கேல் தொலைக்காட்சியில் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தை நிறுத்தி, தண்டனை அன்றிரவே நிறைவேறும் என்ற செய்தி வந்தது. பெரியவர்கள் சிறுவர்களை வெளியே விளையாட அனுப்பினார்கள். இருட்டும்வரை பந்து வீசிக்கொண்டிருந்தார்கள். இரவு எட்டு மணியையொட்டி ஜூலியஸும் சில நிமிடங்களில் எதெலும் மின்சார நாற்காலியில் இறந்தார்கள். எதெலின் இதயம் உடனே நிற்காததால் அவர் உடலில் மீண்டும் மின்சாரம் செலுத்தப்பட்டது. அவருக்கு 37 வயது, ஜூலியஸுக்கு 35. பனிப்போர்க் காலம் முழுவதிலும் உளவுக் குற்றத்துக்காக அமெரிக்கா கொன்ற தன் குடிமக்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

அன்று பிள்ளைகளுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தாங்கள் நிரபராதிகள், மனசாட்சிக்கு மாறாக நடக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தை உரைத்துப் பார்ப்பதே அந்தச் சிறுவர்களின் ஆயுள் வேலையானது.

புதிய பெயர்

பள்ளிக்கூடமும் அவர்களை வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ஊரில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் அல்ல என்ற காரணம் காட்டி டாம்ஸ் ரிவர் கல்வி அதிகாரிகள் அவர்களை நீக்கினார்கள். 1953 டிசம்பரில் கறுப்பின அறிஞர் டூ போய்ஸின் வீட்டில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில் ஏபெல் மீரோபோல், ஆன் தம்பதியைச் சந்தித்தார்கள். ஏபெல் பள்ளி ஆசிரியராக இருந்தவர், கவிஞர். கறுப்பின மக்கள் மரங்களில் தூக்கிலிடப்பட்ட கொடுமையைச் சொல்லும், பில்லி ஹாலிடே பாடிப் புகழ்பெற்ற ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாடலை எழுதியவர் அவர்தான். பிள்ளையில்லாத அந்தத் தம்பதி இருவரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு மாதம்கூட நிம்மதி இல்லை. 1954 தொடக்கத்தில் வழக்கறிஞர் பிளாக் திடீரென்று இறந்தார். பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவோடு அதிகாரிகள் வந்து சிறுவர்களை மீரோபோல் வீட்டிலிருந்து எடுத்துச் சென்று காப்பகத்தில் வைத்தார்கள். பாட்டி சோஃபி போராடி மீட்டார். பிறகே அவர்கள் மீரோபோல் வீட்டுக்குத் திரும்ப முடிந்தது. 1957இல் தத்து முறைப்படி முடிந்தது.

ரோசன்பெர்க் என்ற பெயர் மறைந்தது. அந்த மறைவுதான் அவர்களுக்குக் குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தந்தது. பள்ளி, கல்லூரி, திருமணம், பிள்ளைகள். மைக்கேல் பொருளாதாரப் பேராசிரியரானார். ராபர்ட் மானுடவியல் படித்து, பின்னர் வழக்கறிஞரானார். நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் அவர்கள் யார் என்று தெரியாது. 1973இல் வழக்கறிஞர் லூயிஸ் நைசர் இந்த வழக்கைப் பற்றி எழுதிய நூலில் தங்கள் பெற்றோரின் கடிதங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அதனால் தங்களை உலகுக்கு வெளிப்படுத்த வேண்டி வந்தது. 1975இல் ‘நாங்கள் உங்கள் பிள்ளைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூல் எழுதினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, எஃப்.பி.ஐ. கோப்புகளை லட்சக்கணக்கான பக்கங்களாக வெளியே இழுத்தார்கள்.

கோப்புகள் சொன்னவை

பெற்றோர் இருவரும் குற்றமற்றவர்கள் என்று நிரூபிக்கவே அவர்கள் கோப்புகளைத் திறக்க வைத்தார்கள். கோப்புகள் வேறொன்றையும் சொன்னன.

1995இல் ‘வெனோனா’ ஆவணங்கள் வெளியாயின. போர்க்காலத்தில் மாஸ்கோவுக்குப் போன ரகசியத் தந்திகளை அமெரிக்கா இடைமறித்து உடைத்துப் படித்த தொகுப்பு அது. அதில் ஜூலியஸ் முதலில் ‘ஆன்டெனா’, பிறகு ‘லிபரல்’ என்ற மறைபெயரில் உளவாளியாக இருந்தார். 1944 நவம்பர் தந்தி ஒன்று எதெலைப் பற்றிப் பேசியது. கணவரின் வேலை அவருக்குத் தெரியும், உடல்நலம் சரியில்லாததால் அவர் வேலை செய்வதில்லை என்றது. கணவருக்கு மறைபெயர் இருந்தது, மனைவிக்கு இல்லை. ஜூலியஸைக் கையாண்ட சோவியத் அதிகாரி அலெக்சாந்தர் ஃபெக்லிசோவ் 1997இல் பேசினார். ஜூலியஸ் தந்தவற்றுள் மதிப்புமிக்கது விமான எதிர்ப்புக் குண்டை இலக்கின் அருகே தானே வெடிக்கச் செய்யும் ‘ப்ராக்சிமிட்டி ஃபியூஸ்’ என்றார். எதெல் உளவாளி அல்ல என்றார்.

2001இல் டேவிட் கிரீன்கிளாஸே பத்திரிகையாளர் சாம் ராபர்ட்ஸிடம் உண்மையைச் சொன்னார். அக்கா தட்டச்சு செய்ததாகத் தனக்கு நினைவே இல்லை, மனைவியைக் காப்பாற்றவே அப்படிச் சாட்சி சொன்னேன் என்றார். அக்காவுக்காக மனைவியையும் பிள்ளைகளையும் பலிகொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். 2008இல் வெளியான ரூத்தின் பெருநடுவர் குழுச் சாட்சியத்தில் எதெல் தட்டச்சு செய்த பேச்சே இல்லை. டேவிட் இறந்த மறு ஆண்டு, 2015இல் வெளியான அவருடைய பெருநடுவர் குழுச் சாட்சியத்திலோ, இந்த விஷயத்தைப் பற்றி அக்காவிடம் பேசியதே இல்லை என்றிருந்தது. எதெலைக் கொன்ற தட்டச்சு இயந்திரம் தாய்மாமன் சொன்ன ஒரு பொய்.

2008இல் 91 வயது மார்ட்டன் சோபெல் தானும் ஜூலியஸும் சோவியத்துக்கு ரகசியங்கள் தந்ததை ஒப்புக்கொண்டார். அதுவரை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறுத்துவந்தவர். அப்பாவின் நிரபராதத்தை நம்பி வளர்ந்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சோபெலை நம்பாமலிருக்கத் தங்களுக்குக் காரணம் இல்லை என்றார்கள். அப்பா உளவு பார்த்தார் என்பதை வெளிப்படையாக ஏற்றார்கள். அணுகுண்டின் ரகசியத்தைத் திருடியவர் என்ற குற்றச்சாட்டையும், அம்மாவின் மரண தண்டனையையும் தொடர்ந்து எதிர்த்தார்கள்.

இந்த வரலாற்றில் என்னைத் தலைவணங்க வைப்பது இந்தத் தருணம்தான். அன்பு, நினைவு, பல ஆண்டுப் போராட்டம் எல்லாம் ஒரு பக்கம் இழுக்கின்றன. மறுபக்கம் ஆதாரம் நிற்கிறது. அவர்கள் ஆதாரத்தின் பக்கம் நடந்தார்கள். பெற்றோரின் கடைசிக் கடிதத்தில் ஒரு பாதி அப்பாவுக்குப் பொருந்தாது என்று ஏற்க, அந்தப் பிள்ளைகளைவிட யாருக்கு அதிகம் வலித்திருக்கும்? ஆனால் 1951இல் அரசாங்கம் அந்த நேர்மையைக் காட்டவில்லை. எதெலுக்கு எதிரான ஆதாரம் வலுவில்லை என்று தெரிந்தும் அவரை நாற்காலிவரை நடத்திச் சென்றது. தண்டனைக்கு முன் ஜூலியஸ் மனம் மாறினால் கேட்பதற்காக எஃப்.பி.ஐ. தயாரித்திருந்த கேள்விகளில் ஒன்று, உன் நடவடிக்கைகள் உன் மனைவிக்குத் தெரியுமா என்பது. சாகப்போகும் பெண் குற்றவாளியா என்பதே அவர்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

எதெலை விடுவிக்கப் பிள்ளைகள் 2016இல் அதிபர் ஒபாமாவிடம் முறையிட்டார்கள். பதில் இல்லை. 2024இல் இன்னொரு ஆவணம் வெளியானது. வெனோனா தந்திகளை உடைத்த மெரெடித் கார்ட்னர், எதெல் கைதான பதினோராம் நாள், 1950 ஆகஸ்ட் 22 அன்று எழுதிய குறிப்பு அது. எதெலுக்குக் கணவரின் வேலை தெரியும், ஆனால் உடல்நலக் குறைவால் அவர் அதில் ஈடுபடவில்லை என்று அதில் எழுதியிருந்தார்.

பிள்ளைகளுக்காகவாவது அந்தப் பெற்றோர் பேசி உயிர் பிழைத்திருக்கலாமே என்று பலர் ராபர்ட்டிடம் கேட்டதுண்டு. அப்படிப் பேசியிருந்தால் வேறு யாரையாவது தங்கள் இடத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது அவர் பதில். கிரீன்கிளாஸ் பிள்ளைகளாக வளர்வதைவிட ரோசன்பெர்க் பிள்ளைகளாக வளர்ந்ததையே தேர்வேன் என்றும் சொல்லியிருக்கிறார். பத்தாண்டுகள் சிறையில் இருந்து 1960இல் வெளியே வந்த டேவிட்டின் குடும்பம் வாழ்நாள் முழுவதும் மாற்றுப் பெயரில் ஒளிந்து வாழ்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் எந்தக் குற்றமும் செய்தவர்கள் அல்லர்.

1990இல் ராபர்ட் ‘ரோசன்பெர்க் குழந்தைகள் நிதி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். போராட்டங்களில் ஈடுபட்டதற்காகப் பெற்றோர் சிறைப்பட்ட, வேலையிழந்த, துன்புறுத்தப்பட்ட குழந்தைகளின் படிப்புக்கும் மனநல சிகிச்சைக்கும் அது உதவுகிறது. பெரிய வழக்குகளின் தீர்ப்பு நாளோடு பத்திரிகைகள் கதையை முடித்துக்கொள்கின்றன. அந்தத் தீர்ப்போடு வளர வேண்டிய பிள்ளைகளையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு என்று நம்புகிறேன்.

எதெலும் ஜூலியஸும் இறந்து பத்து மாதங்கள்கூட ஆகவில்லை. 1954 ஏப்ரல் 12 அன்று வாஷிங்டனில் இன்னொரு விசாரணை தொடங்கியது. இம்முறை அரசாங்கத்தின் முன் உட்கார்ந்திருந்தவர் அந்தக் குண்டை உருவாக்கிய குழுவின் தலைவர், ராபர்ட் ஓப்பன்ஹைமர். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)